யூரெயில் பாஸ்: எந்த ரூட்டுக்கு லாபம், எந்த ரூட்டுக்கு நஷ்டம்

யூரெயில் பாஸ் எடுத்தால் காசு மிச்சமாகுமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ரூட்? பாரிஸ், பார்சிலோனா, ரோம் என்று போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் தண்டச் செலவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் சுற்றுகிறவர்களுக்கு, அதிலும் மாதக்கணக்கில் முன்னதாகத் தேதி குறிக்கப் பிடிக்காதவர்களுக்கு, அதைவிடத் தோதான ஒன்று கிடையாது. நானும் தம்பியும் ஆம்ஸ்டர்டாமில் இறங்கி மிலானில் விமானம் ஏறுவதாகத் திட்டம் போட்டோம். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் பிடிக்கும் செலவும் அலைச்சலும் மிச்சம் என்பதால் அப்படி. நடுவில் ஓடியதெல்லாம் இந்தப் பாஸிலும் சில்லறை டிக்கெட்டுகளிலும்தான்.

பாஸ் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 33 நாடுகளின் ரயில்களில் ஒரே பாஸில் போகலாம். இரண்டு பெயர்களில் விற்கிறார்கள். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இண்டர்ரெயில், மற்றவர்களுக்கு யூரெயில். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. இண்டர்ரெயிலில் சொந்த நாட்டுக்குள் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. கிளம்பும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை, அவ்வளவுதான். யூரெயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. யூரெயில் 1959-இல் வந்தது, இண்டர்ரெயில் 1972-இல். அன்று காகிதப் புத்தகம், இன்று செல்போனில் ஒரு ஆப்.

தொடர்ச்சியாக 15 நாள், 22 நாள், ஒரு மாதம் என்று எடுப்பது ஒரு வகை. அது தினமும் ரயில் ஏறுகிறவர்களுக்கு. பேக்கைத் தூக்கிக்கொண்டு தினமும் ஊர் மாறினால் எந்த ஊரும் மனதில் நிற்காது; துணி துவைக்கக்கூட நேரம் இருக்காது. அந்தப் பாஸை எடுத்தவர்கள் காசுக்கு வஞ்சகமில்லாமல் ஓட வேண்டும் என்று ஓடுவதை ஹாஸ்டல்களில் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும். இன்னொன்று ஃபிளெக்ஸி: ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாள். எந்த நாளில் பயணம் என்பது நம் இஷ்டம். நாங்கள் எடுத்தது ஒரு மாதத்துக்குள் 7 நாள், இரண்டாம் வகுப்பு. எனக்கு 380 யூரோவை ஒட்டி வந்தது. தம்பிக்கு 27 வயது தாண்டவில்லை என்பதால் 25 சதவீதம் தள்ளுபடி, 285 யூரோ அளவில் முடிந்தது. பயணம் தொடங்குகிற அன்று 27 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இளைஞர் கணக்கு. 60 தாண்டியவர்களுக்கும் 10 சதவீதம் குறையும்.

இங்கேதான் வகுத்துப் பார்க்க வேண்டும். என் பாஸில் ஒரு நாளின் விலை ஏறக்குறைய 54 யூரோ. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் மொத்தத் திட்டத்தையும் போட்டேன். எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்கூட்டியே எடுத்தால் என்ன விலை, அன்றே எடுத்தால் என்ன விலை என்று இரண்டு பத்திகள். முன்விலையே 54-க்கு மேல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ். இரண்டு விலையும் 54-க்குக் கீழ் என்றால் தனி டிக்கெட். நடுவில் விழுகிறவற்றுக்கு மட்டும், தேதியை உறுதியாகச் சொல்ல முடியுமா என்று யோசித்து முடிவு செய்தோம்.

ஆம்ஸ்டர்டாம்–பெர்லின் நடுவில் விழுந்த ரகம். நேரடி ரயிலில் ஆறு மணி நேர அளவு. ரொம்ப முன்னால் எடுத்தால் நாற்பது யூரோவுக்குள்கூடக் கிடைக்கும், கடைசி நேரத்தில் நூறைத் தாண்டும். ஆம்ஸ்டர்டாமில் எத்தனை நாள் இருப்போம் என்று எங்களுக்கே தெரியாததால் பாஸில் போட்டோம். பெர்லின்–பிராக், பிராக்–வியன்னா இரண்டும் மலிவு ரகம். ஒரு மாதம் முன்னால் எடுத்தால் இருபது, இருபத்தைந்து யூரோவுக்கு நல்ல ரயிலில் சீட்டோடு கிடைக்கிறது. அங்கே போய் 54 யூரோ நாளைச் செலவழிப்பது வீண். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா அறுபது கிலோமீட்டர் சொச்சம், ரயிலில் ஒரு மணி நேரம், டிக்கெட் பத்துப் பன்னிரண்டு யூரோ. அதற்கும் பாஸை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லக்சம்பர்க் இன்னும் வேடிக்கை: அங்கே 2020 மார்ச் முதல் நாட்டுக்குள் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் எல்லோருக்கும் இலவசம். ஆனாலும் பாஸ் வரைபடத்தில் லக்சம்பர்க்கும் 33-இல் ஒன்றாக ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

மறுபக்கம் சுவிட்சர்லாந்து. ஜூரிக்கிலிருந்து ஜெனீவா போக முழு விலை டிக்கெட் தொண்ணூறு பிராங்கை ஒட்டி வரும். ஜெர்மனியில் மியூனிக்–பெர்லின் வேக ரயிலுக்கு அன்றே டிக்கெட் எடுத்தால் 150 யூரோவைத் தாண்டும். இந்த மாதிரி நாட்களில் பாஸ் தன் காசை ஒரே மத்தியானத்தில் எடுத்துவிடுகிறது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: சுவிஸுக்குள் மட்டும் சுற்றப் போகிறவர்கள் அங்கத்திய சேவர் டே பாஸையும் பார்க்க வேண்டும். முன்னதாக எடுத்தால் 52 பிராங்கிலிருந்து தொடங்கும், நாள் முழுக்க நாடு முழுக்கப் போகலாம். தேதி மட்டும் மாற்ற முடியாது. ஜெர்மனிக்குள் மெதுவாகச் சுற்றுகிறவர்களுக்கு டாய்ச்லாந்துடிக்கெட் இருக்கிறது: 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58 ஆகி, 2026-இல் 63 ஆகியிருக்கிறது. வேக ரயில்களில் செல்லாது, ஆனால் வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாம் மாதம் முழுக்க அடக்கம். மாதச் சந்தா என்பதால் நேரத்தோடு ரத்து செய்யவேண்டும், மறந்தால் அடுத்த மாதத்துக்கும் காசு போகும்.

அடுத்தது ரிசர்வேஷன்: பாஸ் இருந்தாலும் சில ரயில்களில் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டிப் பதிவு செய்தாக வேண்டும். பாஸைப் பற்றிய புலம்பல்களில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான், நியாயமும்கூட. யானையை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குத் தனிக் காசு. பிரான்சின் டிஜிவி அதிவேக ரயில்களில் உள்நாட்டுக்கே 10 அல்லது 20 யூரோ. பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்களும் குறைவு. சீசனில் ரயில் காலியாக இருந்தாலும் நமக்கு இடம் இல்லை என்று வரும். இத்தாலியின் ஃபிரெச்சாரோஸா அதிவேக ரயில்களுக்கு 13 யூரோ. லண்டன் போகும் யூரோஸ்டாருக்கு முப்பது யூரோவுக்கு மேல். ஸ்பெயினில் காசைவிட அலைச்சல் அதிகம், பல நேரம் ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். அதே ஸ்பெயினில் வீகோ, இர்யோ போன்ற போட்டி ரயில்கள் வந்தபிறகு முன்கூட்டி எடுக்கும் டிக்கெட் மலிந்துவிட்டது. அவற்றில் பாஸ் செல்லாது, செல்லவும் வேண்டாம். டிக்கெட்டே அந்த ரிசர்வேஷன் காசைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். இத்தாலியில் இட்டாலோவும் பாஸை ஏற்காத தனியார் ரயில்தான்.

ரிசர்வேஷனைத் தவிர்க்க வட்டார ரயில்களில் போகலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். பாரிஸ்–லியான் டிஜிவியில் இரண்டு மணி நேரம், டிஜோன் வழியாகப் போகும் வட்டார ரயிலில் ஐந்து மணி நேரம். பத்து யூரோவுக்காக மூன்று மணி நேரம். இது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. எனக்கு முடியாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் இந்தக் கெடுபிடி இல்லை. பிளாட்பாரத்துக்குப் போய் ஏறி உட்கார வேண்டியதுதான். உட்காருவதற்கு முன்னால் சீட்டுக்கு மேலே இருக்கும் குட்டித் திரையைப் பார்க்க வேண்டும். இரண்டு ஊர்ப் பெயர் ஓடினால் அந்தத் தூரத்துக்கு யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். "ggf." என்பதைப் போல ஏதோ மூன்றெழுத்துச் சுருக்கம் தெரிந்தால், கடைசி நேரத்தில் யாராவது பதிவு செய்துகொண்டு வந்து நம்மை எழுப்பலாம் என்று பொருள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய பேக்கோடு அப்படி இரண்டு முறை எழுந்தால் நாள் கெட்டுவிடும். கூட்ட நாட்களில் ஐந்தாறு யூரோ கொடுத்துப் பதிவு செய்துகொள்வதில் தப்பில்லை.

பாஸின் உண்மையான லாபம் ரயில் தாமதமாகிற நாளில் தெரியும். 2024-இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகவே எழுதிக்கொள்கிறார்கள். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். தாமதம் பெரிதாகி அந்தக் கட்டுப்பாடு தளரும்வரை நாம் காத்திருக்க வேண்டும். பாஸ் கையில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்கும் ரயில் நம் திசைக்குப் போகிறதா, ஏறு. தம்பி இதில் தேர்ந்துவிட்டான். அறிவிப்பு வந்து முடிவதற்குள் ஆப்பைத் தட்டி, "அக்கா, நாலாம் பிளாட்பாரம், ரிசர்வேஷன் வேணாம், ஓடு" என்பான்.

அந்த ஆப்பின் பெயர் ரெயில் பிளானர். நெட் இல்லாமலே கால அட்டவணை பார்க்கலாம். கட்டாய ரிசர்வேஷன் இல்லாத ரயில்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. திட்டம் போடும்போது எனக்கு அதிகம் உதவியது அந்த வடிகட்டிதான். ஆனால் அன்றன்றைய தாமதம், பிளாட்பார மாற்றம் எல்லாவற்றுக்கும் அதை நம்பக்கூடாது. அந்தந்த ரயில்வேயின் சொந்த ஆப் தேவை. ஜெர்மனி பக்கம் டிபி நேவிகேட்டர். இன்னொன்று, ரயில் ஏறும் முன்பே அந்தப் பயணத்தைப் பாஸில் சேர்த்து, க்யூஆர் கோடு வரவழைத்து வைத்திருக்க வேண்டும். பரிசோதகர் கோடை ஸ்கேன் செய்வார், சில நேரம் பாஸ்போர்ட்டையும் பெயரையும் ஒத்துப் பார்ப்பார். செல்போன் செத்தால் டிக்கெட்டும் செத்தது. சார்ஜ் ஆறு சதவீதத்தில் நின்ற போனைத் தம்பி அந்தரத்தில் நீட்டியபோது பரிசோதகர் அவசரமே இல்லாமல் தன் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே பவர் பேங்க் ஒன்று வாங்கிவிட்டான்.

இரவு ரயில் கணக்கு தெரிந்தால் ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாம். நள்ளிரவுக்கு முன்னால் ஏறி, மாறாமல் அதே ரயிலில் மறுநாள் இறங்கினால், ஏறிய நாள் மட்டும்தான் பாஸில் கழியும். வியன்னாவிலிருந்து ஜூரிக்குக்கு அப்படித்தான் போனோம். படுக்கைக்குத் தனியாக ஆளுக்கு 40 யூரோ அளவில் ஆனது. ஜூரிக் ஹாஸ்டலில் டார்ம் படுக்கையே ஐம்பது பிராங்கு கேட்கிற ஊர் என்பதால் அது செலவு என்றே தோன்றவில்லை. ஆறு பேர் அறை, இரு பக்கமும் மூன்று அடுக்கு. விரிப்பு, தலையணை, ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். காலையில் இரண்டு ரொட்டி, வெண்ணெய், ஜாம், ஒரு காப்பி. மேல் அடுக்கில் நிமிர்ந்து உட்கார முடியாது, ஆனால் பேக்கைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஜூரிக்கில் இறங்கிய பிறகு வேறு ரயில் ஏறினால் புதிதாக ஒரு நாள் கழியும். அதனால் அன்று முழுக்க ஊருக்குள் நடைதான். இரவில் போவதால் ஆர்ல்பெர்க் மலைப் பாதையைப் பார்க்காமல் தூங்கிவிடுகிறோம் என்பது உண்மைதான். பகல் ரயிலில் ஏறக்குறைய எட்டு மணி நேரம், நேரம் இருக்கிறவர்கள் அதில் போகலாம்.

இந்தப் பாஸில் எங்களுக்கு மிக அதிகமாகக் கிடைத்தது கடைசி நாள்தான். சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து, இத்தாலி எல்லையோரம் இருக்கும் டிரானோ வழியாக மிலான், ஒரே பாஸ் நாளில். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று கண்ணாடிக் கூரை போட்ட சுற்றுலா ரயில் இந்தத் தடத்தில் ஓடுகிறது. அதற்குப் பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷன் கட்டாயம், சீசனைப் பொறுத்து முப்பது பிராங்கு அளவுக்கு வரும். அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் மேல், வழியில் ஒரு முறை மாறிப் போகிற சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதற்கு ரிசர்வேஷன் கிடையாது. நாங்கள் ஏறிய பெட்டியில் ஜன்னலைக் கீழே இறக்க முடிந்தது. எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடியைத் திறக்க முடியாது. எடுக்கும் படத்தில் எல்லாம் எதிர் சீட்டுக்காரரின் சட்டை விழும்.

ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் லாண்ட்வாசர் பாலம். 65 மீட்டர் உயரம், ஆறு கல் வளைவுகள், வளைந்துகொண்டே போய் நேராகப் பாறைக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழைகிறது. ரயில் வளைவதால் முன்பெட்டிகள் மலைக்குள் மறைவதை நம் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். பெர்கூனுக்கும் பிரேடாவுக்கும் நடுவில் ரயில் சுழன்று சுழன்று ஏறும்போது அதே தேவாலயக் கோபுரம் ஒரு முறை வலப்பக்கம், ஒரு முறை இடப்பக்கம் என்று போக்குக் காட்டுகிறது. உச்சியில் ஒஸ்பிட்சியோ பெர்னினா, 2,253 மீட்டர். பக்கத்தில் லாகோ பியாங்கோ ஏரி, பால் கலந்த நீலம். இந்த ஏரித் தண்ணீர் ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. கொஞ்சம் முன்னால் தாண்டி வந்த கறுத்த குட்டி ஏரியின் தண்ணீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு. அங்கிருந்து பல்சக்கரம் இல்லாமலே 430 மீட்டர் அளவில் இருக்கும் டிரானோவுக்கு இறங்குகிறது. பனிக்குல்லாயோடு ஏறியவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவார்கள். புரூசியோவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் முழு வட்டம் அடித்து, தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து வெளியே வருகிறது. டிரானோவில் தெருவுக்கு நடுவே டிராம் மாதிரி ஊர்ந்து, பழக்கடை வாசலை உரசுகிற மாதிரிப் போய் நிற்கிறது. இந்தப் பாதை 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. டிரானோவில் பக்கத்து ஸ்டேஷனுக்கு நடந்துபோய் இத்தாலிய வட்டார ரயில் ஏறினால் கோமோ ஏரிக் கரை வழியாக இரண்டரை மணி நேரத்தில் மிலான். அதற்கும் அதே பாஸ், அதே நாள்.

சுவிஸிலும் எல்லா ரயிலும் அடக்கம் என்று நினைக்க வேண்டாம். இண்டர்லாகன் ஓஸ்ட் ஸ்டேஷன் வரைதான் பாஸ். அதற்கு மேல் யுங்ஃபிராவ் பக்கம் ஏறும் மலை ரயில்களுக்குத் தள்ளுபடி மட்டுமே.

33 நாடு என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பாஸ் செல்கிற நாடுகளுக்கு நடுவே ரயில் ஓட வேண்டுமே. லிஸ்பனுக்கும் மாட்ரிடுக்கும் நடுவே நேரடி இரவு ரயில் 2020-இல் நின்றுபோனது. பெல்கிரேட்–ஜாக்ரெப் ரயிலும் அதே ஆண்டு நின்றது. கிரீஸில் பாஸ் செல்லும், ஆனால் அங்கே தரைவழியாக ரயிலில் போய்ச் சேருவது பெரும் பாடு. பால்கன் பக்கம் பஸ்தான் ராஜா; டிக்கெட்டும் மலிவு. பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோவின் பார் துறைமுகம் வரை மலைகளைக் குடைந்து போகிற 476 கிலோமீட்டர் பாதைக்கே தனி டிக்கெட் இருபத்தைந்து யூரோ அளவுதான். இந்த மாதிரி இடை இணைப்புகளைச் சரிபார்க்க மார்க் ஸ்மித் என்ற முன்னாள் ரயில்வே அதிகாரி 2001 முதல் நடத்திவரும் சீட் 61 இணையதளத்தைப் பாருங்கள். பாஸ் விற்கிறவர்களின் தளத்தைவிட அதில் ஒளிவுமறைவு குறைவு.

விசா தேவைப்படுகிற பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முரண்பாடு இருக்கிறது. பாஸ் "எங்கே வேண்டுமானாலும் போ" என்கிறது, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா "எந்த ஊரில் எந்த இரவு" என்று கேட்கிறது. அதனால் ரத்து செய்யக்கூடிய ஹாஸ்டல் பதிவுகளை வைத்து ஒரு ரூட் போட்டுக் கொடுத்தோம், விசா கைக்கு வந்த பிறகுதான் பாஸுக்குக் காசு கட்டினோம். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற வரம்பு எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து. முன்பெல்லாம் வரம்பு நெருங்கினால் குரோஷியாவில் போய் உட்காரலாம். அது 2023-இல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. செர்பியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, துருக்கி, பிரிட்டன் எல்லாம் பாஸ் வரைபடத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. ஒற்றை நுழைவு விசாவோடு அங்கே எட்டிப் பார்த்தால் திரும்ப உள்ளே வர முடியாது. ரூட் போடும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது ரிசர்வேஷனுக்காகவும், அதை விலைப் பலகையில் பெரிதாகச் சொல்லாமல் உள்ளே தள்ளி வைத்திருப்பதற்காகவும். வாங்குவதானால் ஆண்டு இறுதித் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். வாங்கி 11 மாதத்துக்குள் தொடங்கினால் போதும் என்பதால் குளிர்காலத்தில் வாங்கிக் கோடையில் போவது நடக்கிற காரியம்தான். அடுத்த முறை நான் 7 நாள் எடுக்க மாட்டேன், 4 நாள் பாஸே போதும்: சுவிஸுக்குள் இரண்டு நாள், ஒரு இரவு ரயில், ஜெர்மனியில் ஒரு நீளப் பயணம். மற்றதெல்லாம் தனி டிக்கெட். தம்பிக்கு 28 ஆவதற்குள் கிளம்ப வேண்டும், அது ஒன்றுதான் அவசரம்.